ஸ்பூன் நிமிர்ந்து நிற்கணும்!



'பீட்சா பற்றி எழுதிவிட்டீர்கள், காபி பற்றியும் எழுதிவிட்டீர்கள். இத்தாலியில் சாதாரண நாளில், ஒரு சாதாரண வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எழுதக் கூடாதா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நாம் மட்டும் தினமும் பிரியாணியா செய்கிறோம்?

இதற்குப் பதில் தேடி நான் எங்கேயும் போகவில்லை. டூரினில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட்டிலேயே இருந்தது.

எதிர் வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நான் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுவேன். நம்மூரில் 'அம்மா' என்று மரியாதையாகச் சொல்வது போல. அவர் என்னை 'ஃபீல்யா' என்பார். மகளே என்று அர்த்தம். நான் இங்கே வந்த புதிதில், பால் வாங்கும் கடையிலிருந்து குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்பது வரை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டும் வெந்த பயறும் கலந்த வாசனை. ஒரு நிமிஷம் நம் வீட்டு வாசனை மாதிரியே இருந்தது.

"என்ன சமையல் சிஞ்ஞோரா?"

"பாஸ்தா எ ஃபஜோலி. எங்கம்மா செய்வாங்க. நாப்பது வருஷமா நானும் செய்யறேன். ஒரு தடவைகூட அந்த ருசி வரலை" என்றார், கரண்டியை வைத்துவிட்டு.

ஏழைகளின் இறைச்சி

பாஸ்தாவும் பீன்ஸும். பெயரே அவ்வளவுதான். இங்கே பீன்ஸ் என்றால் நாம் பொரியல் செய்யும் பச்சை பீன்ஸ் இல்லை, ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறு. வடக்கே வெனிஸ் பக்கம் ஒரு விதமாகவும், தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் வேறு விதமாகவும் செய்வார்கள். நேப்பிள்ஸ்காரர்கள் வாயில் அதன் பெயர் 'பாஸ்தா எ ஃபசூலே'. அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள் இதையும் கையோடு கொண்டுபோனார்கள். 1953-ல் டீன் மார்ட்டின் பாடிப் புகழ்பெற்ற 'தட்ஸ் அமோரே' பாட்டில்கூட இந்த சூப்பின் பெயர் வரும்.

இத்தாலியில் பீன்ஸை 'ஏழைகளின் இறைச்சி' என்பார்கள். கறி வாங்க வழியில்லாத வீடுகளில் உடம்புக்குப் பலம் கொடுத்தது இதுதான். கோதுமையில் குறைவாக இருக்கும் 'லைசின்' என்ற சத்து பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக இருக்கும் 'மெத்தியோனின்' கோதுமையில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிவிடும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த நம் இட்லியிலும் இதே கணக்குதான். புத்தகம் படித்து யாரும் கண்டுபிடித்ததில்லை. பசித்த வயிறு கண்டுபிடித்தது.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். ரோமில் கொலோன்னா அரண்மனை ஓவியக் கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. 1580-களில் அன்னிபாலே கராச்சி வரைந்தது. பெயர் 'பீன்ஸ் தின்பவன்'. ஓர் உழைப்பாளி, தலையில் தொப்பி, வாயருகே ஸ்பூன், 'நீ யாருய்யா நடுவுல?' என்பது போல நம்மையே பார்க்கிறான். அவன் கிண்ணத்தில் இருப்பதை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பயறில் கறுப்புக் கண். நம்ம காராமணியேதான்!

ராஜ்மா வகைகளெல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகுதான் ஐரோப்பாவுக்குள் நுழைந்தன. அதற்கு முன்பெல்லாம் இத்தாலியர்கள் 'பீன்ஸ்' என்று சாப்பிட்டது காராமணியைத்தான். ஆகவே காராமணியில் இந்த சூப்பைச் செய்தால் அது 'நம்மூர் மாற்று' இல்லை. அதுதான் பழைய முறை!

சூரிய ரயிலில் வந்த குடும்பம்

சிஞ்ஞோராவின் சொந்த ஊர் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1961-ல், எட்டு வயதில், அப்பா, அம்மா, இரண்டு தம்பிகளோடு டூரினுக்கு வந்திருக்கிறார். தெற்கிலிருந்து டூரினுக்கு வந்த ஒரு ரயிலின் பெயரே 'சூரிய ரயில்'. வெயில் ஊரிலிருந்து பனி ஊருக்கு, கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளோடு ஜனங்கள் வந்து இறங்கிய காலம் அது.

எல்லாம் கார் தொழிற்சாலை வேலைக்காக. 1951-ல் சுமார் ஏழு லட்சம் பேர் இருந்த டூரினில், 1971-ல் பதினொன்றரை லட்சத்துக்கும் மேல். இருபதே வருடங்கள்! ஆனால், வந்தவர்களை ஊர் சந்தோஷமாக வரவேற்கவில்லை. 'தெற்கத்திக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்று அட்டையே தொங்கவிட்டிருந்தார்கள். இது டூரின்காரர்களே இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளும் சரித்திரம்.

"நாங்க ஒரே ரூம்ல அஞ்சு பேர். எங்கம்மா வாரத்துல மூணு நாள் இந்த சூப்தான் செய்வாங்க. எனக்கு உயிர். பன்னிரண்டு வயசுல ஒருநாள், ஸ்கூல் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்தா. மேஜையில இருந்த கிண்ணத்தைப் பார்த்து மூக்கைச் சுளிச்சா. 'நீங்கல்லாம் தினமும் இதைத்தான் சாப்பிடுவீங்களா'ன்னு கேட்டா."

அவள் போனதும் சிஞ்ஞோரா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "எனக்கு இந்தப் பிச்சைக்கார சூப் வேணாம். மத்தவங்க வீட்ல செய்யற மாதிரி செய்" என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. என் கிண்ணத்தையும் எடுத்து அவங்களே சாப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நான் வீட்ல இருக்கற நாள்ல அதைச் செய்யவே இல்லை."

சிஞ்ஞோராவுக்கு இருபத்தாறு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். செய்முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. பிறகு தனக்குக் குழந்தைகள் பிறந்து, அவர்களுக்குச் செய்து கொடுக்க ஆசைப்பட்டபோதுதான் தெரிந்திருக்கிறது, தன்னிடம் இருப்பது ருசியின் ஞாபகம் மட்டும்தான் என்று.

என்னதான் குறைகிறது?

அன்றிலிருந்து இந்த சூப்பைக் கண்டுபிடிப்பது எங்கள் இருவரின் திட்டமாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போர்த்தா பலாட்சோ சந்தைக்குப் போவோம். ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. விதவிதமான பீன்ஸ் கிடைக்கும். ஒரு வாரம் செந்நிறப் புள்ளி போட்ட 'போர்லோத்தி', இன்னொரு வாரம் வெள்ளை 'கன்னெல்லினி'.

இத்தாலிய சமையல் புத்தகங்களைப் புரட்டினோம். உப்பு, எண்ணெய், மிளகு எல்லாவற்றுக்கும் எதிரே 'குவான்டோ பாஸ்தா' என்று போட்டிருந்தது. எனக்குக் குழப்பம். உப்புக்கு எதற்குப் பாஸ்தா? சிஞ்ஞோரா சிரித்தே விட்டார். அது சாப்பிடும் பாஸ்தா இல்லையாம். 'போதும்' என்று அர்த்தம் தரும் இன்னொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்வது! 'போதுமான அளவு' என்பதுதான் பொருள். நம் குறிப்புகளில் வரும் 'உப்பு - தேவையான அளவு' இருக்கிறதே, அதன் இத்தாலிய அக்கா. எவ்வளவு தேவை என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே உதவும்.

ஒரு விஷயம் அவர் ஞாபகத்தில் தெளிவாக இருந்தது. பாஸ்தா ஒரே வடிவத்தில் இருக்காது. குழாய், நத்தை, உடைந்த ஸ்பகெட்டி என்று எல்லாம் கலந்திருக்கும். நேப்பிள்ஸ் கடைகளில் பாஸ்தாவை எடைபோட்டு விற்ற காலத்தில், அடியில் தங்கும் உடைசல்களைக் கலந்து மலிவாகக் கொடுத்துவிடுவார்களாம். ஏழை வீடுகளுக்குப் போனது அதுதான். டூரினில் அம்மா ஒரு தகர டப்பா வைத்திருந்தாராம். ஒவ்வொரு பாக்கெட் தீரும்போதும் அடியில் மிஞ்சியதை அதில் போடுவாராம். இப்போது அந்தக் 'கலந்த பாஸ்தா'வையே அழகான பாக்கெட்டில் போட்டுக் கம்பெனிகள் விற்கின்றன!

கலந்த பாஸ்தா போட்டோம். பாஸ்தாவைத் தனியாக வேகவைக்காமல், நேப்பிள்ஸ் வழக்கப்படி பீன்ஸ் கொதிக்கும் பாத்திரத்திலேயே போட்டோம். பார்மிஜானோ சீஸின் கடினமான ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொதியில் போட்டுப் பார்த்தோம். இத்தாலியப் பாட்டிகள் அதை வீணாக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் சிஞ்ஞோரா ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். "இல்லை ஃபீல்யா. இது சூப். அம்மா செஞ்சதுல ஸ்பூன் நிமிர்ந்து நிக்கும்."

சாவி செய்த உதவி

ஃபிப்ரவரி மாதம். அன்றும் சனிக்கிழமை. சூப் தயாராகி அடுப்பை அணைத்துவிட்டு, என்னையும் என் பையனையும் சாப்பிடக் கூப்பிட எதிர் ஃப்ளாட்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் காற்றில் அவர் வீட்டுக் கதவு 'டமார்'. சாவி உள்ளே!

இங்கே கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். இன்னொரு சாவி அவர் மகனிடம். அவரோ ஊரின் மறுகோடியில். போன் பண்ணினோம். டிராம் பிடித்து அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை எங்கள் வீட்டில் பிஸ்கட்டும் டீயும்தான்.

கதவைத் திறந்ததும் சிஞ்ஞோரா நேராக அடுப்பங்கரைக்குப் போனார். மூடியைத் திறந்து, "போச்சு, இறுகிப்போச்சு" என்று புலம்பிக்கொண்டே, நின்றபடியே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

இன்னொரு ஸ்பூன். பிறகு ஸ்பூனைப் பாத்திரத்தின் நடுவே குத்தி நிறுத்தினார். அது சாயவில்லை. "எக்கோ!" என்றார். 'இதோ!' என்று பொருள். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். "அம்மா மத்தியானத்துக்கு முன்னாடியே சமைச்சு மூடி வெச்சுட்டு, வீடு துடைக்கற வேலைக்குப் போயிருவாங்க. அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். டிராம் பிடிச்சு வர மூணு ஆகும். அப்பா வராம யாரும் ஸ்பூனைத் தொடக் கூடாது. நான் அந்த சூப்பைச் சுடச்சுட சாப்பிட்டதே இல்லை ஃபீல்யா. நாப்பது வருஷமா சுடச்சுட சாப்பிட்டுட்டு, ருசி வரலை வரலைன்னு அலைஞ்சிருக்கேன்!"

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிதானது. பாஸ்தாவிலிருந்தும் பீன்ஸிலிருந்தும் வெளியே வந்த மாவுச்சத்து, ஆற ஆறத்தான் இறுகும். பாஸ்தா அந்தச் சாற்றை உறிஞ்சும். பூண்டும் தக்காளியும் எண்ணெயும் ஒன்றோடொன்று சேர்வதும் அப்போதுதான். அடுப்பில் முடியும் சமையல் இல்லை இது. அடுப்பை அணைத்த பிறகு முடியும் சமையல்.

எவ்வளவு என்று கேட்காதீர்கள்!

அன்று ராத்திரி ஊருக்கு, என் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் புளிக்குழம்பு எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை. 'எவ்வளவு புளி, எவ்வளவு பொடி' என்று பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அம்மாவும் 'கண்ணளவுதான்டி' என்று பத்து தடவை சொல்லியிருப்பார்.

இந்தத் தடவை வேறு மாதிரி கேட்டேன். "எத்தனை மணிக்கு வைப்பே? எதுல வைப்பே? எப்ப இறக்குவே? எப்ப சாப்பிடுவோம்?"

நாற்பது நிமிஷம் பேசினார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். கல்சட்டியில் வைப்பாராம். இறக்கி வைத்த பிறகும் அரை மணி நேரம் அது உள்ளேயே கொதித்துக்கொண்டிருக்குமாம். நானோ நான்-ஸ்டிக் பாத்திரத்தில் வைத்து உடனே இறக்கி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்! "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றால், "நீ எங்கேடி கேட்டே? அந்தச் சட்டியைத்தான் உங்க அண்ணி கொண்டுபோயிட்டாளே" என்கிறார். அது வேறு பஞ்சாயத்து, விடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். அம்மாவோ, மாமியாரோ, பாட்டியோ, நன்றாகச் சமைக்கும் தாத்தாவோ இருந்தால், இந்த வாரம் அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். அளவை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பாத்திரம், எந்த நேரம், யாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். மூக்கைச் சுளிக்கும் வயதில் இருக்கும் பிள்ளைகளை முக்கியமாக!

இனி சூப்பைச் செய்வோமா?

பாஸ்தா எ ஃபஜோலி (4 பேருக்கு)

தேவையானவை:

ராஜ்மா அல்லது காராமணி - 250 கிராம்
சின்ன பாஸ்தா அல்லது மக்ரோனி (இரண்டு, மூன்று வகை கலந்தால் விசேஷம்) - 200 கிராம்
வெங்காயம் - 1
கேரட் - 1
செலரி - 1 தண்டு (கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்)
பூண்டு - 2 பல்
பழுத்த தக்காளி - 2
காய்ந்த மிளகாய் - 1 (விருப்பப்பட்டால்)
ஆலிவ் எண்ணெய் - 4 டேபிள்ஸ்பூன்
உப்பு, மிளகுத்தூள் - குவான்டோ பாஸ்தா!

செய்முறை:

1. பயறை முதல் நாள் இரவே நிறைய தண்ணீரில் ஊறவையுங்கள். 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. புதிதாக 6 கப் தண்ணீர் ஊற்றி குக்கரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். ராஜ்மா என்றால் 6 விசில், காராமணி என்றால் 3 விசில். குக்கருக்குக் குக்கர் கொஞ்சம் மாறும். ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது, வயிற்றைக் கெடுத்துவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதுதான் சூப்.

3. வெந்த பயறில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து மத்தால் மசித்துவையுங்கள்.

4. அடி கனமான பாத்திரத்தில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, பூண்டு, மிளகாய் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, மெத்தென்று ஆக வேண்டும். பிறகு தக்காளி போட்டுக் கரையும்வரை வதக்குங்கள்.

5. பயறு, வேகவைத்த தண்ணீர், மசித்த பயறு, உப்பு எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் பாஸ்தாவை அப்படியே அதில் போடுங்கள். அடிபிடிக்கும், பக்கத்திலேயே நின்று கிளறுங்கள். தண்ணீர் போதாவிட்டால் வெந்நீர் மட்டும் சேருங்கள்.

6. பாஸ்தா முழுதாக வேக இரண்டு நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடிவையுங்கள்.

7. குறைந்தது அரை மணி நேரம் திறக்காதீர்கள். டூரின் குளிரில் இரண்டு மணி நேரம் தாங்கியது. நம்மூர் வெயிலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். ருசி இன்னும் ஏறியிருக்கும்.

8. பரிமாறும்போது மேலே கொஞ்சம் பச்சை ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள். பிடித்தவர்கள் சீஸ் துருவிப் போடலாம். ஒரிஜினல் பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்வதால், சுத்த சைவக்காரர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள். சீஸ் இல்லாமலே இந்த சூப் அருமைதான்.

முடிக்கும் முன் ஒன்று. சிஞ்ஞோரா இப்போது இந்தக் குறிப்பை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், பதினேழு வயதுப் பேரனுக்காக. பொருட்கள், அளவு, செய்முறை எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'அப்பா வரும்வரை காத்திருக்கவும்.'

பேரன் படித்துவிட்டு, "யாரோட அப்பா பாட்டி?" என்று கேட்டானாம்.

"உட்காரு, சொல்றேன்" என்றாராம் சிஞ்ஞோரா. சூப் இறுக இன்னும் அரை மணி நேரம் இருந்ததே!

அடுத்த வாரம் சந்திப்போம்.